மாணவர் மன்றத் தேர்தலில் கூகுள் ஃபார்ம்ஸ்: வேட்புமனுவுக்கு நன்று, வாக்குக்கு வேண்டாம்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சட்டம் படிப்பவர்கள் வகுப்புப் பிரதிநிதிக்கோ மன்ற நிர்வாகிகளுக்கோ தேர்தல் வைக்கலாம் என்று கூடினால், சற்று நேரத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு வாட்ஸ்அப்புல அனுப்பிடலாம்." காசு வேண்டாம், அறை வேண்டாம், எண்ணுவதற்கு ஆள் வேண்டாம். ஐந்து மணிக்கு மூடினால் அடுத்த நிமிடமே வட்டப்படத்தில் முடிவு வந்துவிடும். கூகுளின் இந்த இணையப் படிவச் சேவையைத் தேர்தலின் ஒவ்வொரு கட்டத்திலும் பொருத்திப் பார்க்கிறது இந்த மதிப்புரை. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். வேட்புமனு வாங்க ஐந்துக்கு நாலரை. தேர்தல் முடிந்தபின் குறை கேட்க நான்கு. ரகசிய வாக்குப்பதிவுக்கு இரண்டு.

கடைசி மதிப்பெண் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் சட்டக் கல்லூரியில் தோற்றவர் சும்மா கைகுலுக்கிவிட்டுப் போகமாட்டார், "எண்ணிக்கையைக் காட்டுங்கள்" என்பார். கேட்க வேண்டியதும் அதுதான். ஃபார்ம்ஸ் சரியாக எண்ணும். சரியாகத்தான் எண்ணியது என்று தோற்றவருக்கு நிரூபித்துக் காட்ட அதனால் முடியாது.

எந்த விதியை வைத்து அளப்பது

கல்லூரித் தேர்தலுக்கு நாட்டில் பொதுவான அடிப்படை, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகள். கேரளப் பல்கலைக்கழக வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. தேர்தல் பொறுப்பை ஏற்பவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை சில. மனுத் தாக்கலிலிருந்து முடிவு அறிவிப்பு வரை, பிரசாரத்தையும் சேர்த்து, பத்து நாளுக்குள் முடிக்க வேண்டும். கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல். ஒரு வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 5,000 ரூபாய். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். வருகைப்பதிவு குறைந்தது 75 சதவீதம். போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது. நிர்வாகி பதவிக்கு ஒருவருக்கு ஒரே வாய்ப்பு, செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரண்டு. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியது மட்டும், அதுவும் ஒதுக்கிய இடத்தில் மட்டும். நம் ஊரில் பிறந்தநாளுக்கே ஃப்ளெக்ஸ் வைக்கும் பழக்கம் இருப்பதால் இந்த ஒரு விதியை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

வயதுதான் சட்டக் கல்லூரியில் சிக்கல். இளநிலை மாணவருக்கு 17 முதல் 22 வரை என்கிறது குழு. நான்கைந்து ஆண்டு நீளும் தொழிற்படிப்புக் கல்லூரிகளில் தளர்த்திக்கொள்ளலாம் என்றும் அதே வரியில் சேர்த்திருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்புக்கு இந்தத் தளர்வு போதும். மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு வருபவர் ஏற்கெனவே பட்டதாரி, சிலர் வேலைக்குப் போய்விட்டு வந்தவர். 2017இல் தர்மபுரியில் அரசு சட்டக் கல்லூரி தொடங்கியபின் சேலத்துக்கும் சென்னைக்கும் போகாமல் வீட்டிலிருந்தே வந்து படிக்க முடிகிறது என்பதால், இப்படிப்பட்டவர்களுக்கும் இங்கே வழி திறந்தது. அவர்களுக்கு உச்ச வயது என்ன என்பதை மனு வாங்கும் முன்பே முதல்வர் கையெழுத்துடன் அறிவிப்பில் போட்டுவிட வேண்டும். மனு வந்த பிறகு முடிவெடுத்தால், அது ஒரு குறிப்பிட்ட ஆளைக் குறிவைத்த விதியாகத்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

வேட்புமனு: இங்கே ஃபார்ம்ஸை மிஞ்ச ஒன்றுமில்லை

மனு ரகசியம் அல்ல. யார் கொடுத்தார், எப்போது கொடுத்தார், என்ன இணைத்தார் என்பதெல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டியவை. ஃபார்ம்ஸ் செய்வதும் அதைத்தான்.

வைக்க வேண்டிய கேள்விகள்: அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர், இனிஷியலுடன். பதிவெண். படிப்பும் ஆண்டும், ட்ராப்டவுனாக. பிறந்த தேதி. போட்டியிடும் பதவி, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வகையில். முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவரின் பதிவெண். அரியர் இல்லை, குற்ற வழக்குப் பின்னணி இல்லை, கல்லூரி ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானதில்லை என மூன்று தனித்தனி உறுதிமொழிகள். மூன்றையும் ஒரே டிக்கில் அடக்கினால், பிறகு "நான் அதைக் கவனிக்கவில்லை" என்ற வாதத்துக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

பதிவெண் கேள்வியில் ரெஸ்பான்ஸ் வேலிடேஷனைப் போட்டு, எத்தனை இலக்கம் என்று கட்டுப்படுத்துங்கள். போடாவிட்டால் ஒருவர் இடைவெளி விட்டு எழுதுவார், ஒருவர் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்ப்பார். பதில்கள் வந்து சேரும் கூகுள் ஷீட்டில் ஒப்பிடும்போது ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார்.

வருகைப்பதிவுச் சான்றை ஃபைல் அப்லோட் கேள்வியில் வாங்கலாம். கோப்பின் உச்ச அளவை 1 எம்பியில் வைக்காதீர்கள். செல்போனில் எடுக்கும் சாதாரணப் படமே அதைத் தாண்டும், கடைசி நேரத்தில் "ஏறமாட்டேங்குது" என்ற அழைப்புகள் வரிசை கட்டும். 10 எம்பி சரியான அளவு. இந்தக் கேள்வி இருந்தால் ஜிமெயில் கணக்கில் நுழைந்தால்தான் ஃபார்ம் திறக்கும் என்பதையும், கோப்புகள் எல்லாம் ஃபார்மை உருவாக்கியவரின் ட்ரைவில் போய் உட்காரும் என்பதையும் நினைவில் வையுங்கள். 15 ஜிபி இலவச இடம் ஏற்கெனவே புகைப்படங்களால் நிரம்பிய சொந்தக் கணக்கில் இதைத் தொடங்க வேண்டாம்.

மின்னஞ்சலைச் சேகரிக்கும் அமைப்பை "வெரிஃபைட்" என்று வைத்து, பதிலின் நகலை எப்போதும் அனுப்பும்படி போட்டால் அதுவே மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு. நேரத்தகராறுக்கும் ஷீட்டின் முதல் பத்தியில் வரும் நேரமுத்திரையே சாட்சி. ஒன்று மட்டும் முன்கூட்டிப் பாருங்கள்: ஷீட்டின் செட்டிங்ஸில் நேர மண்டலம் இந்திய நேரமாக இருக்கிறதா? வேறு மண்டலத்தில் இருந்தால், மாலை மூன்று மணிக் கெடுவுக்குள் வந்த மனு விடிகாலை மனுவாகக் காட்டும்.

மனுவைத் திரும்பப் பெறுவதை மட்டும் ஃபார்மில் வைக்காதீர்கள். நேரில் வந்து, கையெழுத்திட்டு, அடையாள அட்டையைக் காட்டித் திரும்பப் பெற வேண்டும். திறந்து கிடந்த நண்பனின் போனிலிருந்து ஒருவரின் போட்டியையே முடித்துவிட முடியும் என்ற நிலை இருக்கக்கூடாது. அரை மதிப்பெண் குறைந்தது இதற்காகத்தான்.

வாக்குப்பதிவு: எங்கே இடிக்கிறது

வாக்குச்சீட்டுத் தேர்தலில் இரண்டு தாள்கள் தனித்தனியாக ஓடுகின்றன. யார் வாக்களித்தார் என்பது கையெழுத்துப் பதிவேட்டில். யாருக்கு வாக்கு விழுந்தது என்பது பெட்டிக்குள். இரண்டையும் இணைக்கும் நூல் எதுவும் இல்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128ஆவது பிரிவு வாக்கு ரகசியத்தைக் காப்பதைத் தேர்தல் பணியாளரின் கடமையாக்குகிறது. யாருக்கு வாக்களித்தாய் என்று சாட்சியிடமே கேட்டு வாங்க முடியாது என்கிறது 94ஆவது பிரிவு. கல்லூரித் தேர்தலை இந்தச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் நாளைக்கு இதே பிரிவுகளை வைத்து வாதாடப் போகிறவர்கள் இதைவிடக் குறைந்த அளவுகோலில் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல.

ஃபார்ம்ஸில் அந்த இரண்டு தாளும் ஒரே வரிசையில் வந்து விழுகின்றன. மின்னஞ்சலைச் சேகரித்தால் ஒருவருக்கு ஒரு வாக்கு உறுதியாகும், ஆனால் ஃபார்மைத் திருத்தும் உரிமை உள்ள ஒவ்வொருவரும் யார் யாருக்குப் போட்டார் என்று பார்க்கலாம். சேகரிக்காமல் "லிமிட் டு ஒன் ரெஸ்பான்ஸ்" மட்டும் போட்டால், ஜிமெயிலில் நுழையச் சொல்லும், முகவரியைக் காட்டாது. ரகசியம் நிற்கும். ஆனால் அது ஒரு கணக்குக்கு ஒரு வாக்கு, ஒரு மாணவருக்கு ஒரு வாக்கு அல்ல. ஒரே போனில் இரண்டு மூன்று ஜிமெயில் வைத்திருப்பது இன்று சாதாரணம். இணைப்பு வேறு கல்லூரிக் குழுவுக்குப் போய்விட்டால் யார் வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். 60 பேர் உள்ள வகுப்பில் 71 வாக்கு விழுந்தால் எந்தப் பதினொன்று கள்ள வாக்கு என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மொத்தத்தையும் ரத்து செய்ய வேண்டியதுதான்.

கல்லூரியே தன் டொமைனில் எல்லா மாணவருக்கும் மின்னஞ்சல் கொடுத்திருந்தால், அந்த டொமைனுக்குள் மட்டும் திறக்கும்படி வைத்து, ஒரு பதிலுக்குக் கட்டுப்படுத்தி, முகவரி சேகரிக்காமல் நடத்தலாம். ஃபார்ம்ஸில் இதுவே சிறந்த அமைப்பு. அப்படியும் கீழே வரும் ஓட்டைகள் அடைபடாது.

நேரமுத்திரை ரகசியத்தை உடைக்கும். முகவரி இல்லாவிட்டாலும் ஷீட்டில் ஒவ்வொரு வாக்குக்கும் நொடி வரை நேரம் இருக்கும். வாக்களித்ததும் குழுவில் "போட்டாச்சு" என்று எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தச் செய்தியின் நேரத்தையும் ஷீட்டின் நேரத்தையும் பக்கத்தில் வைத்தால் பெயரும் வாக்கும் ஒன்றாகிவிடும். சிறிய வகுப்பில் இதற்குப் பெரிய திறமை எதுவும் தேவையில்லை.

இடைநிலை எண்ணிக்கை தெரியும். திருத்தும் உரிமை உள்ளவர் மதியம் பன்னிரண்டு மணிக்கே யார் முந்துகிறார் என்று பார்க்கலாம். அவர் ஒரு வேட்பாளரின் அறைத் தோழராக இருந்தால், இன்னும் வாக்களிக்காதவர்களைத் தேடிப் போக ஐந்து மணி நேரம் கிடைக்கிறது. முடிவுச் சுருக்கத்தை எல்லோருக்கும் காட்டும் அமைப்பை அணைக்க மறந்தால், வாக்களித்த ஒவ்வொருவரும் அதைப் பார்ப்பார்.

பதிலை அழிக்கலாம். உரிமை உள்ளவர் ஒரு பதிலை நீக்கினால் ஃபார்மின் வட்டப்படத்தில் அதன் சுவடே இருக்காது. ஆனால் தொடக்கத்திலேயே இணைத்த ஷீட்டில் அந்த வரிசை அப்படியே இருக்கும், ஷீட்டில் யார் எதை மாற்றினார் என்பது வெர்ஷன் ஹிஸ்டரியில் தெரியும். எனவே ஃபார்ம் வைத்து நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால், முதல் வாக்கு விழுமுன் ஷீட்டை இணைத்துவிடுங்கள். இறுதி முடிவை வட்டப்படத்திலிருந்து எடுக்காமல் ஷீட்டிலிருந்து எடுங்கள்.

பெயரை இடையில் திருத்தினால் வாக்கு பிரியும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஒரு வகுப்பில் இரண்டு மாதேஷ், மூன்று சக்திவேல் இருப்பது வியப்பல்ல. பதினோரு மணிக்கு "இனிஷியல் விட்டுப்போச்சு" என்று ஒருவர் சொல்ல, நிர்வாகி போய்ச் சேர்த்தால், அதற்கு முன் விழுந்த வாக்குகள் பழைய பெயரிலும் பின்னால் வந்தவை புதிய பெயரிலும் தனித்தனியாக நிற்கும். பெயர், இனிஷியல், ஆண்டு மூன்றையும் முந்தின நாளே வேட்பாளர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகு ஃபார்மைத் தொடக்கூடாது.

முன்கூட்டி டிக் அடித்த இணைப்பு. இது பலருக்குத் தெரியாது. ஃபார்ம்ஸில் ப்ரீஃபில் லிங்க் என்று ஒரு வசதி உண்டு. ஒரு பெயர் ஏற்கெனவே தேர்வாகி இருக்கும்படி இணைப்பு தயாரிக்கலாம். நிர்வாகிக்கு ஒரே சொடுக்கில் கிடைக்கும், ஓரளவு கணினி தெரிந்த வெளியாளும் பக்கத்தின் நிரலைப் பார்த்துச் செய்துவிடலாம். அந்த இணைப்பை "இதுல போய் ஓட்டு போடுங்க" என்று பரப்பினால், அவசரத்தில் திறப்பவர் கீழே போய் அனுப்பு பொத்தானை மட்டும் அழுத்துவார். பெயர் வரிசையைக் கலைத்து வைப்பது இதைத் தடுக்காது. கல்லூரி வெளியிட்ட இணைப்பைத் தவிர வேறெதையும் திறக்கக்கூடாது என்று அறிவிப்பதும், கியூஆர் கோடைத் தகவல் பலகையில் ஒட்டி அதிலிருந்து மட்டும் திறக்கச் சொல்வதும்தான் வழி.

இவற்றையெல்லாம் எப்படியோ சரிசெய்தாலும் மீதமிருப்பது மறைவிடம். விடுதி அறையில் நாலு பேர் சூழ நின்று "இங்கேயே போடு, பார்ப்போம்" என்றால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. முதலாண்டு மாணவரைச் சீனியர் நிர்ப்பந்திப்பதும் அப்படித்தான் நடக்கும். வாக்களிக்கும் அந்த அரை நிமிடம் யாரும் பக்கத்தில் இல்லை என்பதை ஃபார்ம்ஸ் உறுதி செய்ய முடியாது.

சிக்னலையும் சொல்ல வேண்டும். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் போன்ற மலைப்பகுதிகளிலிருந்து வருபவர்களுக்கு வீட்டிலிருந்து வாக்களிக்கச் சொல்வது நியாயமில்லை. கணக்கில் நுழைந்து நிரப்பும்போது ஃபார்ம்ஸ் வரைவைத் தானாகச் சேமிக்கும். வலை விட்டுப்போனால் டிக் அடித்தது திரையில் அப்படியே இருக்கும், ஆனால் அனுப்பப்பட்டிருக்காது. "உங்கள் பதில் பதிவானது" என்ற வரி வந்தால்தான் வாக்கு. அது வருமுன் ஐந்து மணிக்கு மூடிவிட்டால் அந்த வாக்கு போனதுதான்.

இவ்வளவுக்கும் நடுவில் ஃபார்ம்ஸ் வாக்குச்சீட்டைவிட மேலாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. பார்வையற்ற மாணவர் தன் போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் உதவியுடன், யார் துணையுமின்றி, வேட்பாளர் பெயர்களைக் கேட்டுத் தானே தேர்ந்தெடுக்கலாம். சாதாரண வாக்குச்சீட்டில் துணைக்கு வருபவருக்கு அந்த வாக்கு தெரிந்துவிடுகிறது. இதற்கு மாற்று கீழே இருக்கிறது. அதைச் செய்யாமல் வாக்குச்சீட்டுக்குப் போவது அந்த மாணவருக்கு இழைக்கும் அநீதி.

வாக்குச்சீட்டு: வேலையும் செலவும்

300 வாக்காளர், நான்கு பதவி என்று வைத்துக்கொள்வோம். ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஒரு சீட்டு 105க்கு 148 மில்லிமீட்டர். ஐந்தாறு பெயர் தாராளமாக அடங்கும். ஒரு பதவிக்கு 75 தாள், பத்து சதவீதம் உபரி சேர்த்து 83. நான்கு பதவிக்கு நான்கு நிறம்: தலைவர் வெள்ளை, செயலாளர் மஞ்சள், துணைச் செயலாளர் இளஞ்சிவப்பு, பொருளாளர் பச்சை என்று வைத்தால் எண்ணும்போது கலக்காது, தப்பான பெட்டியில் போட்டாலும் உடனே தெரியும். மொத்தம் 332 தாள். ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்றால் அச்சுக்கூலி 664 ரூபாய், தாள் விலை தனி. வெட்டுவதைக் கடையிலேயே கட்டர் மெஷினில் முடித்துக்கொள்ளுங்கள். கத்தரியால் வெட்டினால் ஓரம் கோணி, சீட்டை அடையாளம் காண வழியாகிவிடும்.

டிடிபி கடைக்குக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வந்துவிடுவது பெரிய தவறு. கோப்பு அந்தக் கணினியிலேயே கிடக்கும், யார் வேண்டுமானாலும் இன்னும் ஐம்பது அடித்துக்கொள்ளலாம். தேர்தல் அதிகாரியான ஆசிரியரும் வேட்பாளர் தரப்பில் ஒருவரும் உடன் நின்று அச்சடித்து, கோப்பை அழித்து, கசங்கிய தாளையும் எண்ணி வாங்கி வர வேண்டும். அதற்கு மேலும் காப்பு, ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் அதிகாரியின் பேனாக் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும். வரிசை எண்ணைச் சீட்டில் போடாதீர்கள், அடிக்கட்டையில் மட்டும் போடுங்கள்.

விரலில் வைக்கும் அழியாத மை மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனம் தேர்தல் ஆணையத்துக்காகத் தயாரிப்பது, கடையில் கிடைக்காது. அதற்காக மெனக்கெட வேண்டாம். பதிவேட்டில் கையெழுத்து, அடையாள அட்டையின் பின்னால் ஒரு சிறு முத்திரை போதும்.

பெட்டிக்குச் சமையலறையில் பருப்பு கொட்டி வைக்கும் பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா நன்றாக உதவும். மூடியில் பத்து சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். அகலம் கூடினால் விரல் நுழையும். தொடங்குமுன் காலிப் பெட்டியை எல்லா முகவருக்கும் காட்டி, மூடியையும் உடலையும் சேர்த்துக் காகிதப் பட்டை ஒட்டி, பட்டைக்கும் பெட்டிக்கும் குறுக்காக முகவர்கள் கையெழுத்திட வேண்டும். செலோடேப்பை மட்டும் நம்பாதீர்கள், மெதுவாக உரித்துத் திரும்ப ஒட்டலாம்.

மறைவிடத்துக்கு ஒரு மேசையும் மூன்று பக்கம் அட்டையும் போதும். பின்னால் ஜன்னல் இருக்கக்கூடாது. போனை வாசலிலேயே வாங்கி வைக்க வேண்டும், இதில் தளர்வே வேண்டாம். போட்ட சீட்டைப் படம் எடுத்துக் காட்டினால்தான் பணம் கைமாறும் என்ற பேரம் அங்கேயே முறிகிறது. உள்ளே நூலில் கட்டிய ஒரே நிற பால்பாயின்ட் பேனா. ஜெல் பேனா மடிக்கும்போது எதிர்ப்பக்கம் ஒட்டி இரண்டு பெயரில் குறி விழுந்ததுபோல் காட்டும். சொந்தப் பேனாவை அனுமதித்தால் ஊதா மையில் விழுந்த ஒரே வாக்கு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

பார்வையற்ற வாக்காளருக்கு, சீட்டின் அளவிலேயே ஒரு தடித்த அட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராகச் சதுர ஓட்டை வெட்டி, ஓரத்தில் வரிசைக்கேற்பக் கீறல் போடுங்கள். அதிகாரி பெயர் வரிசையை முகவர் முன்னால் வாசிக்க, அவர் கீறலைத் தடவி எண்ணி, ஓட்டைக்குள் தானே குறியிடலாம். அட்டை நகராதிருக்க மேலே ஒரு கிளிப். செய்ய அரைமணி நேரம் ஆகும்.

நேரம் காலை பத்து முதல் மதியம் இரண்டரை வரை வைத்தால் போதும். மலைக்கிராமப் பேருந்துகள் எண்ணிக்கையில் குறைவு. மாலை வரை இழுத்தால் அரூர், பென்னாகரம், தளிப் பக்கம் போகிறவர்கள் எண்ணிக்கைக்கு நிற்காமல் போவார்கள், முகவர் இல்லாத எண்ணிக்கை சண்டையில் முடியும்.

எண்ணும்போது முதலில் பெட்டியில் உள்ள சீட்டும் பதிவேட்டில் உள்ள கையெழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், பெயரைப் பார்க்காமல். பொதுத் தேர்தலில் 17சி படிவம் செய்யும் வேலை இது: பெற்ற சீட்டு, கொடுத்தது, கெட்டுப்போனது, மிஞ்சியது, பெட்டியில் இருந்தது என ஐந்து எண், கீழே எல்லா முகவர் கையெழுத்தும், ஆளுக்கொரு நகலும். பிறகு 25 சீட்டுக்கு ஒரு கட்டு. செல்லாத சீட்டுக்கான விதியை முந்தின நாளே ஒட்டிவிடுங்கள்: இரண்டு குறி, குறியே இல்லாதது, வாக்காளர் தன் பெயரை எழுதியது. அதிகாரி பின்புறம் கையெழுத்திட மறந்த சீட்டை அந்தக் காரணத்துக்காக மட்டும் தள்ளக்கூடாது. 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 56ஆவது விதியும் பணியாளரின் தவறுக்காக வாக்கைத் தள்ள வேண்டாம் என்றே சொல்கிறது.

2013இல் உச்ச நீதிமன்றம் நோட்டாவுக்கு வழிவிட்டபின் அது இல்லாத சீட்டைச் சட்ட மாணவர்கள் ஏற்பதில்லை. வையுங்கள். ஆனால் நோட்டா முதலிடம் வந்தால் என்ன என்பதை முன்பே எழுதுங்கள். பொதுத் தேர்தலில் அடுத்து அதிகம் பெற்றவரே வெல்கிறார், கல்லூரியில் மறுதேர்தல் என்றும் வைத்துக்கொள்ளலாம். சம வாக்கு வந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 65ஆவது பிரிவு காட்டும் வழி குலுக்கல். எண்ணி முடித்தபின் விதி எழுத உட்கார்ந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

சீட்டுகளை உறையிட்டு முதல்வர் அலமாரியில் குறைந்தது மூன்று வாரம் வையுங்கள். குறைதீர் குழுவிடம் புகார் தர லிங்டோ பரிந்துரை தரும் காலம் அதுதான்.

வேறு சேவைகள்

வாட்ஸ்அப் குழுவில் வைக்கும் கருத்துக்கணிப்பு (poll) 12 தேர்வுகள் வரை தாங்கும். ஆனால் யார் எதற்குப் போட்டார் என்று குழுவில் எல்லோரும் பார்க்கலாம். சுற்றுலா எங்கே போவது என்பதற்குச் சரி, தேர்தலுக்குக் கூடவே கூடாது. ஹீலியோஸ் என்ற இலவசத் திறந்தமூலச் சேவை மறையாக்கத்துடன் வாக்கைப் பதிந்து, தன் வாக்கு எண்ணிக்கையில் சேர்ந்ததா என்று வாக்காளரே சரிபார்க்க ஒரு குறியீடும் தருகிறது. நிரூபணத்தில் ஃபார்ம்ஸைவிடப் பல மடங்கு மேல். எல்லா மாணவரின் சரியான மின்னஞ்சல் பட்டியல் வேண்டும், தமிழ்த்திரை இல்லை, பக்கத்தில் நின்று நிர்ப்பந்திப்பதை அதுவும் தடுக்காது.

வென்ற பிறகு

குறைகேட்பு ஃபார்ம் மன்றத்துக்கு மிகவும் பயனுள்ளது. மின்னஞ்சல் கட்டாயமாக்காதீர்கள், விரும்பினால் எழுதலாம் என்று விடுங்கள். முதல் கேள்வி புகார் எந்த வகை என்பது: பேருந்து, நூலகம், கழிவறை, தேர்வு, உதவித்தொகை. பதிலுக்கேற்ப வேறு பகுதிக்குப் போகும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஷீட்டில் பொறுப்பாளர், எடுத்த நடவடிக்கை, முடிந்த தேதி என மூன்று பத்தி கூடுதலாகச் சேர்த்து, புதுப் பதில் வந்தால் மின்னஞ்சல் வரும்படி அமைத்துவிட்டால் எதுவும் மறந்துபோகாது.

பாலியல் துன்புறுத்தலும் ராகிங்கும் இந்த ஃபார்முக்குள் வரவே கூடாது. அவற்றைத் தேர்ந்தெடுப்பவரிடம் எந்த விவரமும் கேட்காமல், கல்லூரியின் உள் புகார்க் குழு உறுப்பினர்களின் தொடர்பையும், ராகிங்குக்கு 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணையும் காட்டி அங்கேயே ஃபார்மை முடித்துவிடுங்கள். புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடுவதை 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவு தடை செய்கிறது. ஐந்து நிர்வாகிகள் திறக்கும் ஷீட்டில் அந்தப் பெயர் கிடப்பதே ஆபத்து. நல்லெண்ணத்தோடு செய்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு அது இரண்டாவது காயம்.

இதையெல்லாம் ஒரு தனிமாணவரின் ஜிமெயிலில் வைக்காதீர்கள். மன்றத்துக்கென்று ஒரு கணக்கு தொடங்கி, பொறுப்பு ஆசிரியரின் எண்ணை மீட்பு எண்ணாகக் கொடுங்கள். இறுதியாண்டு மாணவர் பட்டம் வாங்கிப் போனபின் ஃபார்மும் அவருடனே போய்விடும், இரண்டு ஆண்டு யாரும் நுழையாத கணக்கை கூகுள் அழித்துவிடவும் கூடும். புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்கும் நாளில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், பழையவர்களின் போன்களிலிருந்து கணக்கை வெளியேற்றுங்கள், இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று திறந்து கிடக்கும் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக மூடுங்கள். வேட்புமனுக்களில் பிறந்த தேதியும் சான்றுகளும் இருக்கின்றன. புகார்க் காலமும் கணக்கு ஒப்படைப்பும் முடிந்ததும் அச்சுநகல் ஒன்றை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, கோப்புகளை ட்ரைவிலிருந்து நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிடுங்கள்.